காலில் செருப்பு, கையில் கைபேசி: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் கவனிக்காத ஒரு பிரிவு

ராசிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை நேரத்துக் கூட்டத்தை ஈர்ப்பவை இரண்டு வகைக் கடைகள். ஒன்று செருப்புக் கடை, மற்றொன்று கைபேசிக் கடை. ஜவ்வரிசி ஆலையிலும் பட்டுத் தறியிலும் கூலி பெற்றுத் திரும்புவோரும், கல்லூரி முடிந்து ஊருக்குப் பேருந்து ஏறும் மாணவர்களும் இவ்விரண்டிலும்தான் நிற்கின்றனர். காலைக் கடிக்காத, வெயிலில் தாரின் சூட்டைத் தாங்கும் ஒரு சோடிச் செருப்பு. நண்பர்களோடு பேசவும், தம் படத்தைத் தாமே எடுத்து ஊருக்குக் காட்டவும் உதவும் ஒரு கைபேசி. அன்றாட வாழ்வின் மிக எளிய விருப்பங்கள் இவை.

ஆனால் இந்த நாட்டின் நாடாளுமன்றம், செருப்பு அணியும் உரிமையை ஒரு குற்றவியல் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. அதுவும் வெள்ளையர் ஆட்சியில் அன்று, 2015-ஆம் ஆண்டில். வசதிக்காக வாங்கும் ஒரு பொருளுக்குத் தண்டனைச் சட்டத்தின் காவல் ஏன் தேவைப்பட்டது? அந்தக் காவலை நாம் ஏன் போதிய அளவு பயன்படுத்தவில்லை? கைபேசி அதற்கு எவ்வாறு துணையாகிறது? இம்மூன்று கேள்விகளையும் சட்டத்தின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தவன் அணியாத செருப்பு

1930-ஆம் ஆண்டு திசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. சட்டை அணியக் கூடாது. பெண்கள் பூச்சூடக் கூடாது எனச் செல்லும் அந்தப் பட்டியலின் இறுதியில், ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்ற தடை இருக்கிறது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின.

இப்பட்டியலை ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். வெயிலிலிருந்தும் முள்ளிலிருந்தும் மழையிலிருந்தும் உடலைக் காக்கும் பொருள்களும், உடலை அழகாகக் காட்டும் பொருள்களுமே அங்கே குறிவைக்கப்பட்டன. ஒருவர் வயிற்றுக்கு உழைப்பதைச் சாதி தடுப்பதில்லை. அந்த உழைப்பு அதற்குத் தேவை. உழைப்பவர் சற்றே சுகமாக இருப்பதைத்தான் அதனால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வலியின்றி நடப்பவர் நிமிர்ந்து நடப்பார். நிமிர்ந்து நடப்பவரிடம் கூலியைக் குறைத்துப் பேசுவது கடினம்.

கொங்குப் பகுதியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியின் பண்ணையங்களுக்குச் செருப்புத் தைத்தவர்களும், கமலையில் நீர் இறைக்கத் தோல் பை செய்து கொடுத்தவர்களும் அருந்ததியர்களே. தோலைப் பதப்படுத்திய கை அவர்களுடையது, அணிந்த கால் வேறொருவருடையது. தாம் தைத்த செருப்பைத் தாமே அணிந்து ஊர்த்தெருவில் நடக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. மின்மோட்டார் வந்தபின் கமலை போயிற்று. தொழிற்சாலையில் செய்த ரப்பர்ச் செருப்பு வந்தபின் கைத்தையலும் அருகிற்று. சந்தையில் விலை கொடுத்தால் எவரும் வாங்கலாம் என்ற நிலை உருவானது. ஆனால் வாங்கிய செருப்பை எந்தத் தெருவில் அணியலாம் என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை.

பள்ளி கொடுத்தது, தெரு பறித்தது

தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாக் காலணி வழங்குகிறது. மேல்நிலை மாணவர்களுக்கு 2011 முதல் மடிக்கணினியும் வழங்கத் தொடங்கியது. காலுக்குச் செருப்பும் கைக்குக் கணினியும் குடிமக்களின் தேவைகள் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளங்கள் இவை. இருப்பினும், மதுரை மாவட்டம் உசிலம்பட்டி அருகே வடுகபட்டியில், 2013-ஆம் ஆண்டு, ஆதிக்கச் சாதியினர் தெருவில் செருப்பு அணிந்து நடந்த தலித் சிறுவன் ஒருவன் அந்தச் செருப்பைத் தலையில் சுமந்து செல்லும்படி கட்டாயப்படுத்தப்பட்டான். அவன் பள்ளியில் படிக்கும் பிள்ளை.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், ஒரு தெருவில் பட்டியல் சாதியினர் செருப்பணிந்து நடக்கும் வழக்கமே இருந்ததில்லை. தெருவுக்கடியில் பொம்மை புதைத்திருக்கிறது, செருப்புடன் நடக்கும் பட்டியல் சாதியினர் மூன்று மாதத்தில் இறந்துவிடுவர் என்ற கதை அங்கே பரப்பப்பட்டிருந்தது. தீண்டாமையைச் சட்டம் தடை செய்தபின், தடியின் வேலையை அச்சம் எடுத்துக்கொண்டது. 2023 திசம்பரில் தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் முன்முயற்சியில் ஏறத்தாழ 60 பேர் காலில் செருப்புடன் அத்தெருவில் நடந்தனர். அவர்கள் முழக்கமிட்டுக் கைப்பற்றிய உரிமை, மற்றவர்கள் நாள்தோறும் நினைத்தும் பாராமல் அனுபவிப்பது.

இது தமிழகத்தின் தனிச் சிக்கலும் அன்று. குஜராத்தின் மேசானா மாவட்டத்தில், 2018 சூனில், மோஜடி எனப்படும் வேலைப்பாடுள்ள காலணி அணிந்ததற்காக 13 வயது தலித் சிறுவன் தாக்கப்பட்டான். தாக்குதலின் காணொளி நாடெங்கும் பரவியது. 2020 பிப்ரவரியில், முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில், அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஒரு பழங்குடிச் சிறுவனை அழைத்துத் தம் செருப்பின் வாரைக் கழற்றச் செய்தார். அதைப் படம் பிடித்த காணொளி சில மணி நேரத்தில் மாநிலம் முழுவதும் பரவ, அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கைபேசி அங்கே இல்லாதிருந்தால் அது வழக்கமான ஒரு காலைப் பொழுதாகவே கழிந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 15(2) சாலை, கிணறு, கடை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சாலையையும் பாதையையும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்றது. நகையும் நல்லாடையும் அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. ஆனால் செருப்பை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே, "தெருவில் நடக்க வேண்டாம் என்று யார் சொன்னது? செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கட்டும் என்றுதானே சொன்னோம்" என்ற வாதத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது.

1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த இடுக்கை அடைத்தது. 2016 சனவரி 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. அத்திருத்தத்தில் செருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பிரிவு 3(1)(டி), பட்டியல் சாதியினர் ஒருவருக்குச் செருப்பு மாலை அணிவிப்பதைக் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(இசட்ஏ)(பி), பொது இடத்தில் அவர் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. கழுத்தில் விழுந்தால் இழிவு, காலில் இருந்தால் உரிமை. பொருள் ஒன்றுதான், அதை எங்கே வைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதே சட்டத்தின் கேள்வி.

இந்த இசட்ஏ பிரிவு மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டியது. பொதுச் சாலையையோ நீர்நிலையையோ சுடுகாட்டையோ பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவது, மிதிவண்டி அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, செருப்போ புத்தாடையோ அணிவது, திருமண ஊர்வலம் செல்வது, பொது வழிபாட்டிடத்தில் நுழைவது ஆகியவற்றை "எவ்விதத்திலும்" தடுப்பதும் இடையூறு செய்வதும் அதன்கீழ்க் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் செருப்பும் சட்டத்தில் ஒரே வரியில் நிற்பதன் பொருள் அப்போது விளங்கும்.

"சாதிப் பெயரைச் சொன்னாரா?"

வன்கொடுமைப் புகாருடன் காவல் நிலையம் செல்பவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால், புகார் எழுதுபவர்களும் அதற்கேற்பவே எழுதுகின்றனர். நடந்தது செருப்பைக் கழற்றச் சொன்னதாக இருக்கும். மனுவிலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டிய வரியே முதன்மையாக நிற்கும். செருப்பு ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், அல்லது காணாமலே போய்விடும். வழக்கு பலவீனமடைவது இங்கிருந்துதான்.

மூன்று பிரிவுகளின் வேறுபாட்டைக் கவனியுங்கள். 3(1)(ஆர்) பிரிவின்கீழ் வழக்கு நிற்க, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்தார் அல்லது மிரட்டினார் என்பதையும், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். 3(1)(எஸ்) பிரிவுக்குச் சாதிப் பெயரால் வைதார் என்பதையும், அதே பொதுப்பார்வையையும் மெய்ப்பிக்க வேண்டும். 3(1)(இசட்ஏ)(பி) பிரிவுக்கு இவை எதுவும் தேவையில்லை. பொது இடத்தில் செருப்பு அணிவது தடுக்கப்பட்டது, தடுத்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லர் என்பவையே அதன் மையக் கூறுகள். சாதிப் பெயர் ஒலிக்க வேண்டியதில்லை. கை ஓங்க வேண்டியதில்லை. "தம்பி, இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்" என்று கனிவாகச் சொல்லித் தடுத்தாலும் அது தடுத்ததுதான்.

நீதிமன்றங்கள் முதலிரு பிரிவுகளை இறுக்கமாகப் படித்துவரும் காலம் இது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது சொன்ன இழிசொல் பொதுப்பார்வையில் நடந்ததாகாது என்று 2020-இல் இதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில், அலுவலக அறைக்குள் நடந்ததாகக் கூறப்பட்ட நிகழ்வுக்கு அதே அளவுகோலைப் பொருத்தி 2025 சனவரியில் வழக்கை நீக்கியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதித்தாலே போதாது, சாதியின் பெயரால் இழிவுபடுத்தும் நோக்கம் வேண்டும் என்று 2024-இல் சாஜன் ஸ்காரியா வழக்கில் விளக்கியது. இத்தீர்ப்புகளை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் நாளை காலை புகார் எழுதப் போகிறவர், எது எளிதில் மெய்ப்பிக்கக் கூடியதோ அதை முதலில் எழுத வேண்டும்.

பொருத்தமான பிரிவில் பதிவு செய்வது காவல்துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டதும் அன்று. முதல் தகவல் அறிக்கையை இச்சட்டத்தின் உரிய பிரிவுகளின்கீழ்ப் பதிவு செய்வதும், வாய்மொழிப் புகாரை எழுதியபின் படித்துக் காட்டுவதும், படியை உடனே தருவதும் பொது ஊழியரின் கடமைகள் என்று பிரிவு 4 வரையறுக்கிறது. வேண்டுமென்றே தவறினால் அவருக்கும் தண்டனை உண்டு. 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதியையும் அறிந்தே இருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கப் பிரிவு 8 வழிசெய்கிறது. ஒரே ஊரில் வாழ்பவர் "எனக்கு அவர் என்ன சாதி என்றே தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

கைபேசி என்னும் புதிய தெரு

சமூக ஊடகம் தலித் இளைஞர்களை ஈர்ப்பது ஏன்? ஊர்த்தெருவில் நடக்க எவருடைய முகக்குறிப்பையோ பார்க்க வேண்டியிருந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தை இட எவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. புதுச் செருப்பு, புதுச் சட்டை, வண்டி, அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் என எதையும் அங்கே தம் பெயரிலேயே காட்டலாம். தெருவில் கிடைக்காத அந்தக் காட்சி உரிமை திரையில் கிடைத்தது. அதனால்தான் ஒரு ரீல்ஸ் காணொளிகூடச் சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. 1930-இல் தடைப்பட்டியல் போட்ட அதே மனம்தான் இன்று பின்னூட்டம் எழுதுகிறது.

இந்தத் தெருவில் சாதியும் நடமாடுகிறது என்பதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 சூன் 23 அன்று, ராசிபுரத்துக்கு மேற்கே, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் அவர் உடல் இருப்புப் பாதையில் கிடந்தது. முதன்மைக் குற்றவாளி யுவராஜ், தேடப்பட்டுவந்த மாதங்களில் வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் வழியே தம் ஆதரவாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தலைமறைவாக இருந்தவர், கைபேசிகளில் நாயகனாக வலம்வந்தார்.

ஆனால் அதே வழக்கில் இன்னொரு திரையும் இருந்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமரா. முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியான பிறகும், அந்தப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 சூன் 2 அன்று யுவராஜின் தண்டனை உறுதியானது.

பல வன்கொடுமைகளில் முதல் சான்றை உருவாக்கியவர்கள் குற்றம் செய்தவர்களே. 2016 சூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தவர்கள் அதைத் தாமே படம் பிடித்துப் பரப்பினர். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் அதைக் காணொளியாகப் பதிந்து பெருமையோடு பகிர்ந்தார். அந்தக் காணொளியே வழக்காயிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. சேலம் திருமலைகிரியில், கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞரை ஒன்றியச் செயலாளர் ஒருவர் இழிவாகப் பேசிய காணொளி 2023 சனவரியில் வெளியானது. அவர் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டு, இச்சட்டத்தின்கீழ்க் கைதும் செய்யப்பட்டார்.

இணையத்தில் இடும் இழிசொல்லும் பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்ததே என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. திரையில் பார்ப்பவரும் நேரில் இருப்பவர் போன்றவரே என்பது அதன் தர்க்கம். மூடிய வாட்ஸ்அப் குழுவில் நடந்ததென்றால், அது பொதுப்பார்வையா என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்பும். பட்டியல் சாதியினர் என்ற தொகுதிக்கே எதிராகப் பகையையும் வெறுப்பையும் தூண்டும் பதிவானால், பொதுப்பார்வை என்ற நிபந்தனை இல்லாத 3(1)(யு) பிரிவை மறவாமல் சேர்க்க வேண்டும்.

பரப்புவதற்கு முன் பாதுகாப்பது

காணொளி கைக்கு வந்ததும் நாம் செய்வது பகிர்தல். நீதிமன்றத்துக்குத் தேவை அதன் மூலப் பதிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் ஒன்றையும் கேட்கிறது. பதிவின் ஹேஷ் மதிப்பு எனப்படும் எண்ணடையாளமும் அதில் இடம்பெற வேண்டும். அத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்பதை முந்தைய சாட்சியச் சட்டத்தின்கீழ் 2020-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

ஆகவே, படம் பிடித்த கைபேசியை விற்காதீர்கள், அதிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்கி மாறிவிடும். எனவே அனுப்பிய நகலை மட்டும் நம்பாதீர்கள். இணையப் பதிவானால் முகவரி, பதிந்தவரின் கணக்குப் பெயர், நாள், நேரம் ஆகியவை தெரியும்படி திரைப்படி எடுத்துக்கொள்ளுங்கள். பதிந்தவர் அழித்துவிடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். புகாரில் எந்தத் தெரு, எந்த நேரம், யார் தடுத்தார், காலில் என்ன இருந்தது, பிறகு எப்படி நடந்து செல்ல வேண்டியிருந்தது என்பதை எழுதுங்கள். 3(1)(இசட்ஏ)(பி) என்று பிரிவையும் குறிப்பிடுங்கள். வழக்குப் பதிய மறுத்தால், வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 இருக்கிறது. காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து வழியே அனுப்பவும், சிறப்பு நீதிமன்றத்தை நாடவும் வழி உண்டு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. செருப்பைத் தலையில் சுமந்த சிறுவனின் முகத்தை ஆயிரம் பேருக்குக் காட்டுவது அவனுக்கான நீதி ஆகாது; அந்தத் தெருவை அவன் மீண்டும் ஆயிரம் முறை கடக்க வேண்டியதாகிவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. பெரியவராயினும் அவருடைய ஒப்புதலைக் கேளுங்கள். காணொளி வழக்குக்குப் போகட்டும், முகம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ராசிபுரம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. இங்கிருந்து ஒரு தலித் சட்டமன்றம் செல்கிறார் என்பது அரசமைப்பு தந்த உரிமை. சுற்றுப்புறச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தலித் மாணவி தான் விரும்பி வாங்கிய செருப்புடன் நடந்து கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கிறாளா என்பது, அந்த உரிமை மண்ணில் இறங்கிவிட்டதா என்பதற்கான அளவுகோல். உங்கள் ஊரின் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் திருப்பத்தில் செருப்பு காலிலிருந்து கைக்கு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த இடம்தான் அடுத்த புகார் மனுவின் முதல் வரி.